மூன்றாவது ஊசிக்கு முன்

என் உயிர் அக்காவுக்கு,

நேற்று உன் மகள் செல்வியின் டாக்டரோடு சண்டை போட்டுவிட்டேன். வேறு யாராவது வந்து வத்தி வைப்பதற்குள் நானே சொல்லிவிடுகிறேன்.

ஆமாம் அக்கா, அவளுக்கும் நெஞ்சுக்குள் கட்டி. டைப்ரைட்டிங் ஹையர் பாஸ் செய்த கையோடு ஆஸ்பத்திரி. உனக்கு வந்த புற்றுநோய் வேறு, இது வேறு, மருந்துக்குக் கேட்கும் என்கிறார்கள். ஆறு ஊசியில் இரண்டு போட்டாகிவிட்டது. மூன்றாவதற்கு முன் ஒரு எக்ஸ்ரே படம் எடுங்கள் என்றேன்.

"ஆறும் முடியட்டும். நீங்க என்ன டாக்டரா?"

"இல்ல சார். அம்பத்தூர் எஸ்டேட்ல வார்ப்புக்கு எக்ஸ்ரே பாக்கறவன். ரிப்பேர் பண்ணா திரும்பப் படம் எடுத்து, பழசு பக்கத்துல வெச்சிப் பாப்போம். இரும்புக்கே அப்டி. இது எங்கக்கா பொண்ணு சார்."

உன் வீட்டுக்காரர் என் சட்டையைப் பிடித்து இழுத்தார். நான் நகரவில்லை.

உன் விஷயத்தில் இந்த வாய் எங்கே போயிருந்தது? இரண்டாவது ஊசிக்குப் பிறகு இருமல் அதிகமாகி ஆவடியில் எடுத்த படத்தை ஆஸ்பத்திரியில் யாரும் பிரித்துக்கூடப் பார்க்கவில்லை. நான்தான் கம்பெனிக்குக் கொண்டுபோய், பழைய படத்தோடு விளக்குப்பெட்டியில் வைத்துப் பார்த்தேன். கட்டி ஒரு நூல்கூடக் குறையவில்லை.

"இன்னாடா, கொறஞ்சிகீதா?" என்று கேட்டாய்.

"கொறஞ்சிகீதுக்கா" என்றேன்.

டாக்டர் சொல்லாததை நான் எப்படிச் சொல்வது என்ற பயம். அதை நம்பி இன்னும் நாலு ஊசிக்குப் போனாய். தண்ணீர் குடித்தாலும் வாந்தி. வேறு மருந்து உன்னைப் பிழைக்க வைத்திருக்குமா? தெரியாது. கேட்டாவது இருக்கலாமே. என்னை நான் மன்னிக்கவில்லை, நீயும் மன்னிக்க வேண்டாம்.

கடைசியில் நேற்றே படம் எடுத்தார்கள். டாக்டர் இரண்டையும் பக்கத்தில் மாட்டிப் பார்த்தார். கட்டி கொஞ்சம் வளர்ந்திருந்தது. "மருந்த மாத்திடலாம்" என்றார். அவ்வளவு நேரம் விறைப்பாக நின்றவன், வெளியே வந்து குழாயடியில் அழுதேன்.

கட்டி குறைந்திருக்கிறதா என்று செல்வி கேட்டாள். நல்லதாகச் சொல் என்று எல்லாரும் ஜாடை காட்டினார்கள்.

"கொறையல கண்ணு, கொஞ்சம் வளந்துகீது. மருந்து மாத்தறாங்க" என்றேன்.

"அந்த மருந்து எனக்கும் புடிக்கல மாமா, மாத்தட்டும்" என்றாள். உன் திமிர் அப்படியே வந்திருக்கிறது.

புது மருந்து கேட்குமா? தெரியாது அக்கா. கேட்டாலும் கேட்காவிட்டாலும், படத்தில் இருப்பதை இருக்கிறபடியே அவளிடம் சொல்வேன். எந்த டாக்டர் முறைத்தாலும் சரி. இது சத்தியம்.

உன்னிடம் பொய் சொன்ன,
உன் தம்பி ஏகாம்பரம்