ஓமானுக்குக் கட்டிய மிளகாய்த்தூள்

நவம்பர் 12, புதன்

மூன்றாவது பயணக் காப்புறுதிக் கம்பனியும் இன்று கையை விரித்துவிட்டது. இவருக்கு ஈரலில் புற்றுநோய் என்றதும் போனில் பேசிய பெண்ணின் குரலே மாறிவிட்டது. காப்புறுதி இல்லாத ஆளை ஓமான் சுற்றுலாவில் சேர்க்க மாட்டார்கள்.

கலியாணத்துக்கு முன் இவர் ஓமானில் தண்ணீர் பவுசர் லொறி ஓட்டியவர். பாலைவனம், மலை, கடற்கரை எல்லாவற்றையும் லொறிக் கண்ணாடிக்குள்ளால் மட்டுமே பார்த்தவர். ஒருமுறையாவது இறங்கி நின்று எனக்குக் காட்ட வேண்டுமாம்.

போனை வைத்துவிட்டுக் குசினிக்குப் போனேன். தோர்ண்டன் ஹீத் தமிழ்க் கடையில் மிளகாய் வாங்கி, பயணத்துக்கென்று நான் வறுத்து அரைத்த தூளை இவர் பையில் கட்டிக்கொண்டிருந்தார். ஹோட்டல் சாப்பாட்டில் உறைப்பிராது என்று எங்கே போனாலும் தூள் கொண்டுபோவோம்.

"ஆரப்பா போன்ல?"

"அக்கா" என்றேன்.

அவர் நிமிர்ந்து பார்க்கவில்லை. பையின் வாயில் ஒட்டிய செலோரேப்பை இன்னொரு சுற்றுச் சுற்றினார்.

"பத்து நாளைக்கு இது காணும். உமக்கு மட்டும்தானே."

பையை வாங்கிக்கொண்டு அறைக்கு வந்துவிட்டேன். பை இப்போது இந்தக் கொப்பிக்குப் பக்கத்தில் கிடக்கிறது. சூட்கேசில் வைத்தால், அவரை விட்டுவிட்டுப் போகச் சம்மதித்த மாதிரி. திரும்பப் போத்தலில் கொட்டினால், அவர் காட்ட நினைத்த ஓமான் இனி இல்லையென்று நானே சொன்ன மாதிரி.