கொதித்து ஆறின தண்ணீர்

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுகிறேன். நீயும் மாப்பிள்ளையும் குட்டியும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே எனக்கு முழங்கால் வலியைத் தவிர வேறு குறை இல்லை. போனில் அப்பா பேச்சை எடுத்தாலே உன் அடுப்பில் ஏதாவது தீய்ந்துபோகிறது, உடனே வைத்துவிடுகிறாய். அதனால்தான் கடிதம். இதைப் பாதியில் வைத்தாலும் விட்ட இடத்திலிருந்தே பேசும்.

முதலில் குட்டியைப் பற்றிச் சொல். உடம்பு தேறிவிட்டதா? ஒழுங்காகச் சாப்பிடுகிறாளா? போன விடுமுறையில் தாத்தா கொடுத்த ஊற்றுத் தண்ணீரைக் குடித்து, வயிறு கெட்டு, ஆஸ்பத்திரிக் கட்டிலில் அவள் துவண்டு கிடந்தது இன்னும் என் கண்ணைவிட்டுப் போகவில்லை. "இனிமே இந்த வீட்டுப் படி ஏற மாட்டேன், என் பொண்ணையும் விட மாட்டேன்" என்று நீ கிளம்பியபோது குட்டியின் துணிகளை நான்தான் மடித்துப் பையில் வைத்தேன். பெற்றவள் பதறும்போது யார் தடுக்க முடியும்?

உன் அப்பா எப்படிப்பட்டவர் என்று உனக்குத் தெரியாததா? நீரேற்று நிலையத்தில் வேலை பார்த்த காலமெல்லாம் தண்ணீருக்குக் குளோரின் கலந்து கலந்து, சட்டையிலும் துண்டிலும் அந்த நெடிதான். ஊரே அவரைக் 'குளோரின்காரர்' என்றுதான் கூப்பிட்டது. ஓய்வு பெற்றதும் முதல் வேலையாக மலையடி ஊற்றுக்குப் போய், இரண்டு கையாலும் அள்ளிக் குடித்துவிட்டு வந்து, "இதாண்டி தண்ணி! இத்தனை வருஷமா ஊருக்கு மருந்தையில்ல குடுத்திருக்கேன்" என்று குதித்தார். மண்ணே வடிகட்டித் தருவதாம், கண்ணாடி மாதிரி இருக்கிறதாம், ஓடுகிற தண்ணீரில் கிருமி எங்கே நிற்குமாம். ஒரே பிரசங்கம். ஊருக்கே தண்ணீரை வடிகட்டிக் கொடுத்த மனுஷனுக்குத் தன் பேச்சை வடிகட்டத் தெரியவில்லை. அந்த வீம்பில்தான் குட்டிக்கும் கொடுத்தார்.

நீ போன பிறகும் ஒத்துக்கொள்ளவில்லை. "நானும் அதே தண்ணியைத்தானே குடிக்கிறேன், எனக்கு என்ன ஆச்சு? வழியில எதையோ வாங்கிக் குடுத்திருப்பா" என்று சாதித்தார். உன் பேச்சைப் பொய்யாக்கியே தீருவது என்று ஒரு நாள் காலையில் தொப்பியை மாட்டிக்கொண்டு, ஊற்று எங்கிருந்து வருகிறது என்று பார்க்க மலைமேல் ஏறினார். பழைய தொழில் புத்தி. தண்ணீரில் குறை என்று யாராவது சொன்னால், அது வந்த வழியே திரும்ப நடந்து பார்க்க வேண்டும் என்பார்.

மத்தியானம் திரும்பி வந்தவர் முகத்தில் ஈயாடவில்லை. செருப்பைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்துவிட்டார். மேலே பாறைக்குப் பின்னால் யாரோ ஆட்டுப் பட்டி போட்டிருக்கிறார்களாம். பட்டியில் வழிகிற அசிங்கமெல்லாம் பாறை இடுக்கில் இறங்குகிறதாம். அதற்கு நேர் கீழேதான் நம் ஊற்று. "பிள்ளைக்கு அதையா குடுத்தேன்" என்று ஒரே ஒரு வார்த்தைதான் சொன்னார். பிறகு துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். அவர் அழுது நான் பார்த்ததே இல்லை. எனக்கும் அவர் மேல் ஆத்திரம் இல்லாமல் இல்லை. ஆனாலும் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

மறுநாளே ஊற்றுத் தண்ணீரைப் பாட்டிலில் பிடித்துக்கொண்டு தன் பழைய நிலையத்துக்குப் போனார். அப்படியே குடிக்கவே கூடாத தண்ணீர் என்று பரிசோதனையில் தெரிந்தது. இப்போது அவரே பலகை எழுதி ஊற்றோரம் நட்டிருக்கிறார். யாராவது அள்ளக் கை நீட்டினால் போதும், "கொதிக்க வெச்சுக் குடிங்கப்பா, கிருமி என்ன கண்ணுக்குத் தெரியுமா?" என்று பிடித்துக்கொள்கிறார். நம் தெருத் தையற்காரர் இவருக்குப் பயந்து சுற்று வழியாகத்தான் போய்வருகிறாராம். ஆட்டுக்காரரிடம் பேசிப் பட்டியையும் இடம் மாற்ற வைத்துவிட்டார். அப்படியும், மலையில் வேறு என்னென்ன இருக்கிறதோ என்று, கொதிக்க வைக்காமல் ஒரு வாய் குடிப்பதில்லை.

இதையெல்லாம் எழுதச் சொன்னது அப்பாவா என்று கேட்பாய். இல்லை. மன்னிப்பு என்ற வார்த்தை அவர் வாயில் நுழையாது. போனில் உன் நம்பரை எடுத்துப் பார்ப்பார், மூக்குக்கண்ணாடியைத் துடைப்பார், வைத்துவிடுவார்.

ஆனால் ஒன்று செய்கிறார். சமையலறை மேல்தட்டில் மூடி போட்ட ஒரு சின்னப் பாத்திரம் வைத்திருக்கிறார். நான் அதைத் தொடக்கூடாது. "அது குட்டியோடது" என்கிறார். தினமும் காலையில் அதைத் தானே தேய்த்து, தண்ணீரைத் தளதளவென்று கொதிக்கவிட்டு, ஆறவைத்து, மூடி வைக்கிறார். குடிக்கத்தான் ஆள் இல்லை. சாயங்காலம் வாசல் ரோஜாச்செடிக்கு ஊற்றிவிட்டு, மறுநாள் மறுபடி புதிதாகக் கொதிக்க வைக்கிறார். ஊரிலேயே கொதித்து ஆறின தண்ணீர் குடிக்கிற செடி நம் வீட்டுச் செடிதான் என்று முதலில் கேலி செய்தேன். இப்போதெல்லாம் அவர் பாத்திரத்தோடு வாசலுக்குப் போனால் நான் உள்ளே போய்விடுகிறேன்.

நீ அவரோடு பேசியே ஆக வேண்டும் என்று கேட்கவில்லை. தண்ணீர் மேல் சந்தேகமாக இருந்தால் நீயே இன்னொரு தரம் கொதிக்க வைத்துக்கொள், இங்கே ஒருவரும் ஒன்றும் சொல்ல மாட்டோம். மாப்பிள்ளைக்கு என் அன்பு. குட்டி நோய்நொடி இல்லாமல் நூறு வயது இருக்க வேண்டும். அடுத்த விடுமுறைக்கு அவளைக் கூட்டிக்கொண்டு வந்துவிடு, கண்ணு. ஒரு நாளாவது அந்தச் செடி தாகத்தோடு இருக்கட்டும்.

வாசலைப் பார்த்தபடி,
உன் அம்மா