சதுர அடைப்புக்குள் இசை

மார்ச் 6, வியாழன்

"நான்தான்" என்று இன்று சொல்லவில்லை.

சாயங்காலம் ஆறரைக்கு அம்மா துணி இஸ்திரி போட்டபடி பொதுத் தொலைக்காட்சியில் இசை ஆவணப்படம் பார்த்துக்கொண்டிருந்தாள். அக்கா வீட்டில் இருந்ததால் சத்தத்தை அணைத்துவிட்டாள். மூன்று வருடமாக எங்கள் வீட்டில் பாட்டு என்றால் படம் மட்டும்தான். உள்ளே போகக் கிளம்பிய அக்கா கதவருகே நின்று திரையைப் பார்த்தாள். காது கேளாதவர்களுக்காகக் கீழே போடும் வரி அசையாமல் நின்றது: [இசை].

"நாலு நிமிஷமா இதே வார்த்தை. மூக்கால ஊதறானா, முழங்காலால அடிக்கிறானா, ஒண்ணும் சொல்லக் காணோம். இத எழுதறதுக்குச் சம்பளம் வேற குடுக்கறாங்களாமா?"

"பாவம், யார் பெத்த பிள்ளையோ" என்றாள் அம்மா.

யார் பெற்ற பிள்ளை என்று எனக்குத் தெரியும். மடித்த துணிகளை எடுத்துக்கொண்டு அறைக்கு வந்துவிட்டேன்.

மார்ச் 7, வெள்ளி

ஏன் சொல்லவில்லை என்று எழுதிப் பார்க்கிறேன்.

நான் செய்திப் பிரிவில் சப்டைட்டில் எழுதுகிறேன் என்றுதான் வீட்டில் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். ஜனவரியில் இசை, ஆவணப்படப் பிரிவுக்கு மாற்றிவிட்டார்கள். அக்கா பள்ளியில் வயலின் சொல்லிக்கொடுத்தவள். முப்பதைத் தாண்டியதும் காது மெல்ல மெல்லக் கேட்காமல் போக ஆரம்பித்தது. ஒருநாள் வயலினைப் பெட்டிக்குள் வைத்து அலமாரி மேல் ஏற்றினாள். அதற்குப் பிறகு எங்கே பாட்டு கேட்டாலும் எழுந்து போய்விடுவாள். உதட்டைப் பார்த்துப் பேச்சைப் புரிந்துகொள்ளக் கற்றுக்கொண்டாள். அவளிடம் போய், நாள் முழுக்க ஹெட்போன் மாட்டி இசை கேட்பதற்கு எனக்குச் சம்பளம் தருகிறார்கள் என்று எப்படிச் சொல்வது? பசித்தவள் எதிரே ஏப்பம் விடுவது போல இருக்காதா?

இன்று மேற்பார்வையாளரிடம் போனேன். நாங்கள் அவருக்கு வைத்த பெயர் முப்பத்திரண்டு. ஒரு வரியில் முப்பத்திரண்டு எழுத்துக்கு மேல் போகக்கூடாது என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார். இசைக்கு இன்னும் கொஞ்சம் எழுதலாமா என்று கேட்டேன்.

"இங்க பாருங்கம்மா, பேசினா எழுதறோம். கதவு தட்டினா, கதவு தட்டறாங்கன்னு எழுதறோம். இசைய யாரால எழுத முடியும்? இருக்குன்னு சொல்லுங்க, போதும். கடவுளுக்கும் அவ்வளவுதான செய்யறோம்."

நான் அசையவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "சரி, எழுதிப் பாருங்க. ஒரு புகார் வந்தாலும் பழையபடி அடைப்புக்குள்ள போயிடணும்."

மார்ச் 11, செவ்வாய்

இன்று கேட்டதை எப்படி எழுதுவது?

பனிப்பாறைக்குள் துளை போட்டு ஒலிவாங்கியை இறக்குகிற ஒருவரைப் பற்றிய படம். முதலில் ஒன்றுமில்லை. அப்புறம் பொடிப்பொடியாக ஏதோ வெடிக்கிறது. பல ஆயிரம் வருடங்களுக்கு முன் பனிக்குள் மாட்டிக்கொண்ட காற்று, பனி உருக உருக வெளியே வருகிறதாம். எழுத்தே பிறக்காத காலத்துக் காற்று இப்போது என் காதுக்குள் உடைகிறது. சுவரில் பஞ்சு ஒட்டிய அந்தச் சின்ன அறையில் எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. மறுபடி ஓட்டினேன். மறுபடியும்.

புத்தகங்களில் இசையைப் பற்றி எழுதியவர்களை யோசித்துப் பார்த்தேன். பாதி வழியில் எல்லாரும் மழைக்கோ நிலாவுக்கோ ஒதுங்கிவிடுகிறார்கள். முப்பத்திரண்டு எழுத்துக்குள் ஒதுங்க இடமில்லை. கடைசியில் எழுதியது: [பழைய காற்று வெடிக்கிறது, கடுகு பொரிவதுபோல்].

பின்னணி இசைக்கு: [மனதை உருக்கும் இசை]. சுமார்தான். நேரமில்லை.

மார்ச் 13, வியாழன்

பனிப்பாறைப் படத்தை அக்கா கதவருகே நின்றபடியே பார்த்தாள். உட்காரவில்லை. ஆனால் போகவும் இல்லை.

மார்ச் 18, செவ்வாய்

பிரிவுக்கு ஒரு கடிதம் வந்தது. காகிதத்தில், பேனாவால் எழுதியது.

"சப்டைட்டில் எழுதுபவருக்கு: கடுகு பொரிவதுபோல் என்று எழுதியிருந்தீர்கள். புரிந்தது, நன்றி. ஆனால் அடுத்தாற்போல 'மனதை உருக்கும் இசை' என்கிறீர்கள். மனம் என்னுடையது. உருகுவதா வேண்டாமா என்பதை நான் பார்த்துக்கொள்கிறேன். என்ன வாத்தியம், எத்தனை பேர், ஏறுகிறதா இறங்குகிறதா, எப்போது நிற்கிறது, இவற்றை மட்டும் சொல்லுங்கள். இப்படிக்கு, ஒரு பார்வையாளர்."

பெயர் தேவைப்படவில்லை. அந்த ழகரத்தின் வாலை நான் தினமும் பார்க்கிறேன். கடைக்குப் போகும் சீட்டில் அக்கா வாழைப்பழம் என்று எழுதினால் அடுத்த இரண்டு வரியில் வேறு எதையும் எழுத இடமிருக்காது.

புகார் என்று முப்பத்திரண்டிடம் காட்டவேண்டிய காகிதம். பைக்குள் வைத்துக்கொண்டேன். வீட்டுக்கு வந்தால், எழுதியவள் என்னிடம் கத்தரிக்கோலைக் காணோம் என்று சண்டை போடுகிறாள்.

மார்ச் 19, புதன்

நாளை ஒளிபரப்பாகிற படம். சைக்கிள் கடைக்கு மேலே ஒரு வாடகை அறை. இரண்டு வயலின், ஒரு வியோலா, ஒரு செல்லோ. பதினோரு நிமிட இசையை நாலு பேர் ஒரு வருடம் பயிற்சி செய்கிறார்கள். சண்டை போடுகிறார்கள், ஒருத்தி கோபித்துக்கொண்டு படியிறங்கிப் போகிறாள், திரும்பி வருகிறாள். கடைசியில் முழுவதையும் வாசித்து முடிக்கிறார்கள். முடித்த பிறகு நால்வரின் வில்லும் அப்படியே நிற்கிறது. யாரும் இறக்கவில்லை. கீழே கடையில்கூடச் சத்தமில்லை. படம் ஓட்டும் கருவி நின்றுவிட்டதோ என்று அதன் கடிகாரத்தைப் பார்த்தேன். ஓடிக்கொண்டிருந்தது. ஐம்பத்து நான்கு நொடி! நானும் மூச்சை விடவில்லை என்பது அப்புறம்தான் தெரிந்தது.

வாத்தியம், ஏற்றம், இறக்கம் எல்லாம் அவள் கேட்டபடியே எழுதினேன். அந்த ஐம்பத்து நான்கு நொடிக்கு எதுவும் எழுதவில்லை. எழுத ஒன்றுமில்லையே.

மார்ச் 20, வியாழன்

அக்கா சோபாவின் கைப்பிடியில் உட்கார்ந்து முழுப் படமும் பார்த்தாள். அம்மா என்னைப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினாள். முடிந்ததும் அக்கா சொன்னது:

"நல்லாத்தான் போயிட்டிருந்துது. கடைசியில சப்டைட்டில் புட்டுக்கிச்சு. வேலைய முடிக்காம டீ குடிக்கப் போயிட்டாங்க போல."

தலையில் அடித்துக்கொள்ளலாம் போல இருந்தது. யாருடைய தலையில் என்று கேட்டுவிடுவாள்.

மார்ச் 25, செவ்வாய்

இரண்டாவது கடிதம். இரண்டு பக்கம்.

"கடைசியில் ஒரு நிமிடம் எழுத்தே இல்லை. அவர்கள் வாசித்தார்களா இல்லையா? வில் தந்தியைத் தொட்டதா என்று அந்தக் கோணத்தில் தெரியவில்லை. கேட்பவர்களுக்கு நிசப்தம் தானாகக் கேட்டுவிடும். எங்களுக்கு அதையும் எழுதித்தான் காட்டவேண்டும்."

இது முதல் பக்கம். இரண்டாவது பக்கத்தை அப்படியே இங்கே எழுதி வைக்கிறேன்.

"நான் முழுச் செவிடு இல்லை. கஷ்டமே அதுதான். ஒரே சுரம் இடது காதில் சரியாகவும் வலது காதில் கொஞ்சம் தாழ்ந்தும் விழுகிறது. எந்தப் பாட்டும் தரையில் தகரத்தை இழுப்பதுபோல் இருக்கிறது. எனக்குக் கேட்கவில்லை, அந்தத் துக்கத்தில்தான் எழுந்து போகிறேன் என்று வீட்டில் நினைக்கிறார்கள். நான் திருத்தவில்லை. பொய்யாகக் கேட்கிறது என்றால் இன்னும் பயந்துவிடுவார்கள். சத்தத்தை அணைத்துவிட்டு உங்கள் வரிகளைப் படிக்கும்போது மட்டும் எனக்குள் சுருதி சரியாக இருக்கிறது. அதனால்தான் இவ்வளவு திட்டுகிறேன்."

மூணு வருஷம். ஒரே கூரை, ஒரே குளியலறை. எனக்குத் தெரியவே தெரியாது. அம்மாவுக்கும் தெரியாது. முகம் தெரியாத ஒரு ஆளுக்குத் தெரியும் — அந்த ஆள் நான்.

இப்பவே போய்ச் சொல்லிடலாமா? சொன்னா கடிதம் நின்னுடும். படிக்கறதையும் நிறுத்திட்டா? எனக்குள் சுருதி சரியாக இருக்கிறது என்று எழுதியவளிடமிருந்து அதையும் பிடுங்குவதா?

சொல்லவில்லை.

மார்ச் 26, புதன்

மறுஒளிபரப்புக்குத் திருத்தினேன்: [வில் உயரே. யாரும் வாசிக்கவில்லை. நிசப்தம்]. முப்பத்திரண்டு, எழுத்துகளை விரல் விட்டு எண்ணினார். "சத்தமில்லாததுக்கும் சப்டைட்டிலா" என்றார். கையெழுத்துப் போட்டார்.

ஏப்ரல் 2, புதன்

நாளைக்கு நெசவாலைப் படம். முப்பது வருடத்துக்கு முன் எடுத்த சுருள்கள் நடுவில் வருகின்றன. நூறு தறி ஒன்றாக ஓடுகிறது. தறிகளுக்கு நடுவே பெண்கள் பாடுகிறார்கள். ஒருத்தி குரல் இன்னொருத்திக்குக் கேட்க வழியே இல்லை. வாயை அகலத் திறந்து, ஒருத்தி முகத்தை ஒருத்தி பார்த்து, அப்படியே தாளம் தப்பாமல் பாடுகிறார்கள். காதே இல்லாமல் ஒரு சேர்ந்திசை! இருபது தடவை ஓட்டினேன். ஒரு சொல்கூடப் பிடிபடவில்லை. [தறிகளின் ஓசை. பாட்டு கேட்கவில்லை] என்று எழுதினேன்.

ஏப்ரல் 3, வியாழன்

அக்கா எழுந்து போய்த் திரைக்கு ஒரு முழம் முன்னால் முழங்காலிட்டு உட்கார்ந்தாள்.

"மறைக்காதடி" என்றாள் அம்மா. அக்கா திரும்பவில்லை. தோள் குலுங்கியது. அழுகிறாள் என்று பயந்து கிட்டே போனேன். சிரித்துக்கொண்டிருந்தாள்.

ஏப்ரல் 8, செவ்வாய்

மூன்றாவது கடிதம்.

"பாட்டு கேட்கவில்லை என்று எழுதியிருந்தீர்கள். யாருக்கு?

மீசை வச்ச கடியாரம்
முள்ளைத் தள்ளி வைக்குதடி
ஆறு மணி ஆன பின்னும்
அஞ்சு மணி அடிக்குதடி

அடுத்த அடியில் நடுவில் நிற்கும் பெண் திரும்பிவிட்டாள், அது தெரியவில்லை. மேஸ்திரி பின்னாலேயே நடந்து போகிறார், பார்த்தீர்களா?"

காதுள்ள அத்தனை பேருக்கும் வெறும் இரைச்சல். முப்பது வருடம் அந்தச் சுருளுக்குள் பூட்டிக் கிடந்த பாட்டை என் அக்கா, சத்தத்தை அணைத்துவிட்டு, எங்கள் கூடத்தில் முழங்காலிட்டுக் கேட்டிருக்கிறாள்.

இதைப் பைக்குள் வைக்க முடியாது. முப்பத்திரண்டிடம் கொடுத்தேன். இரண்டு முறை படித்தார். படத்தின் இயக்குநருக்குத் தொலைபேசியில் பேசினார். என்ன பாட்டு என்று இயக்குநர் படம் எடுத்த அன்றைக்கே கேட்டிருக்கிறார். பெண்கள் சிரித்து மழுப்பிவிட்டார்களாம். இப்போது அவர்களில் ஒருவரைப் பிடித்துக் கேட்டதற்கு, "மாட்டிக்கிட்டோமா? போடுங்க போடுங்க, மேஸ்திரி போய்ச் சேர்ந்துட்டான்" என்று பதில் வந்தது.

"யாரும்மா இவங்க? பேரில்ல, விலாசமில்ல. திரையில அறிவிப்புப் போட்டுத் தேடுவோமா?"

"தேட வேண்டாம் சார்" என்றேன்.

ஏப்ரல் 9, புதன்

சொன்னேன். சமையலறையில், அவள் என் உதட்டைப் பார்க்கிற மாதிரி வெளிச்சத்தில் நின்று சொன்னேன்.

"எத்தனை படிச்ச?"

"மூணும்."

"ரெண்டாவதுல ரெண்டாம் பக்கம்?"

தலையாட்டினேன்.

"அத நான் யாரோ ஒருத்தருக்கு எழுதினேன்டி. உனக்குச் சொல்லணும்னா நீ பக்கத்து அறையிலதான இருக்க."

முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அவள் முகத்தைத் திருப்பிவிட்டால் அவளிடம் பேச வழியே கிடையாது.

ஏப்ரல் 11, வெள்ளி

அம்மா: "கத்தரிக்கோல் உன்கிட்டயான்னு அவ கேக்கறா. ரெண்டு பேருக்கும் சொல்லிட்டேன், நான் உங்க அம்மா, தபால் ஆபீஸ் இல்ல."

ஏப்ரல் 13, ஞாயிறு

நெசவாலைப் படம் மறுஒளிபரப்பு. தறிகள் இரைகின்றன, கீழே பாட்டு ஓடுகிறது. முப்பத்திரண்டு எழுத்துக்குள் ஒவ்வொரு அடியும் கச்சிதமாக அடங்கியது, அளந்து செய்த மாதிரி. அம்மா வாய்விட்டுப் படித்துச் சிரித்தாள். "இத எப்படிக் கண்டுபிடிச்சாங்க?" என்றாள். அக்கா அறைக் கதவு சாத்தியிருந்தது.

அவள் கோபம் நியாயம்தான். அந்தப் பெண்களைக் கேட்டுவிட்டுத்தான் பாட்டைப் போட்டோம். யாருக்கோ எழுதியதை நான் படிக்கலாமா என்று அவளை யாரும் கேட்கவில்லை.

ஏப்ரல் 18, வெள்ளி

காலையில் என் அறை வாசலில் வந்து நின்றாள். ஒன்பது நாளில் முதல் தடவையாக நேராகப் பார்த்தாள்.

"தறி ஓடும்போது உனக்கு என்ன கேட்டுது?"

"தறி."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான்."

"பாவம்டி நீங்கல்லாம்" என்றாள். பிறகு கையை நீட்டினாள். "அந்தப் பக்கத்தக் குடு."

எடுத்துக் கொடுத்தேன். கிழிக்கப் போகிறாள் என்று நினைத்தேன். நேராகக் கூடத்துக்குப் போய் அம்மாவின் கையில் வைத்தாள். "படி" என்றாள். அம்மா கண்ணாடியைத் தேடினாள். அக்காவே எடுத்துக் கொடுத்து, அம்மா படித்து முடிக்கிற வரை எதிரிலேயே நின்றாள்.

ஜூன் 12, வியாழன்

அக்கா இப்போது பிரிவுக்குக் கடிதம் எழுதுவதில்லை. நிகழ்ச்சி முடிந்ததும் என் அறைக்கு வந்து, கட்டிலில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, நேரில் திட்டுகிறாள். இன்று ஒரு மணி நேரம்.