மேட் போட்டால் வழுக்காது

மார்ச் 4, புதன்

இன்று சமூகக் கூடத்தில் என் வீட்டுக்காரர் ஊன்றுகோல் இல்லாமல் தூண் வரைக்கும் நடந்தார். பக்கவாதம் வந்ததிலிருந்து வலது காலை இழுத்துத்தான் நடக்கிறார். தூணைத் தொட்டுவிட்டுத் திரும்பி என்னைப் பார்த்தார் பாருங்கள், பேருந்து ஓட்டிய காலத்துப் பார்வை. வீட்டில் கட்டிலுக்கும் அடுப்படிக்கும் நடுவில் நாலு எட்டு வைத்தால் சுவர். அவர் நடக்க அந்தக் கூடத்தை விட்டால் வேறு கதி இல்லை.

ஆனால் தரை? சிமெண்ட் தேய்ந்து தேய்ந்து கண்ணாடியாகிவிட்டது. யாராவது தண்ணீர் சிந்தினால் எனக்கு உயிர் போகிறது.

மார்ச் 8, ஞாயிறு

தரையைப் பற்றிக் கூடத்துச் சங்கத்தில் கூட்டம். காலையில் நடைப்பயிற்சி, பகலில் என் தையல் வகுப்பு, மாலையில் நடனம் கற்கும் பிள்ளைகள், விடுமுறை நாளில் யார் வீட்டு விசேஷமாவது. இத்தனை காலுக்கும் ஈடுகொடுக்க வேண்டும், விலையும் கையைக் கடிக்கக் கூடாது. தலைவருக்குப் பளபளக்கும் டைல் மேல் ஆசை. முகம் பார்க்கலாமாம்.

"முகம் பாக்கத்தான் கண்ணாடி இருக்கே தலைவரே. விழுந்தா பல்லு யாரு கட்டுறது?" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். "மேட் போட்டுடலாம். வழுக்காது, கறையும் தெரியாது."

பொருளாளர் உடனே தலையாட்டினார். 'சிக்கனம்' என்று பட்டப்பெயர் சொன்னால்தான் ஊரில் அவரைத் தெரியும், எதற்கும் லேசில் தலையாட்ட மாட்டார். என் வாய்க்கு இவ்வளவு சக்தியா?

மார்ச் 20, வெள்ளி

காய்ச்சல். கூடத்துக்குப் போகவில்லை. தரை வேலை முடிந்துவிட்டதாம். டைல் ஒட்டுவது ஒரே நாளில் முடியுமா?

மார்ச் 22, ஞாயிறு

டைல் இல்லை. பாய். சுருளாக வருமே, அந்தப் பிளாஸ்டிக் பாயைக் கூடம் முழுக்க விரித்து, சேருகிற இடத்தில் டேப் ஒட்டியிருக்கிறார்கள்.

"நீங்கதானே அக்கா மேட் போடச் சொன்னீங்க?" சிக்கனத்தின் முகத்தில் அத்தனை பெருமை. "டைலுக்கு ஆகுறதுல பாதி கூட ஆகல."

நான் சொன்னது பளபளப்பில்லாத, சொரசொரப்பான டைல். கடையில் அதற்கும் மேட் என்றுதான் பெயர். இதற்கும் மேட் என்றுதான் பெயர். "டைல்னு ஒரு வார்த்தை சேத்துச் சொல்லியிருக்கலாமேம்மா" என்றார் தலைவர். டைலைப் பற்றித்தானே பேசிக்கொண்டிருந்தோம்? வெட்டிய சரக்கைக் கடையில் திரும்ப எடுக்க மாட்டார்களாம்.

மார்ச் 26, வியாழன்

நாற்காலியை இழுத்தால் டேப் பிரிந்து பாயின் விளிம்பு எழும்புகிறது. சரிசெய்கிற வரைக்கும் நடக்க வேண்டாம் என்று அவரிடம் சொன்னேன். "தூணு முடிஞ்சுது. இனி மேடை வரைக்கும்" என்றார். அவரிடம் யார் பேசி ஜெயிப்பது?

ஏப்ரல் 2, வியாழன்

விழுந்துவிட்டார்.

ஏப்ரல் 5, ஞாயிறு

இடுப்பெலும்பு. அறுவை சிகிச்சை முடிந்தது. வலியில் என் பெயர்கூட அவர் வாயில் வரவில்லை.

பின்னாலேயேதான் நின்றேன். விளிம்பில் கால் மாட்டியது. கை நீட்டுறதுக்குள்ள போயிட்டாரே. என் வாயாலதானே வந்துச்சு. மேட் போடுங்க, வழுக்காதுன்னு நான்தானே சொன்னேன். ஆமா, வழுக்கல. தடுக்குச்சு.

சிக்கனம் மருத்துவமனைக்கு வந்தார். வார்டு வாசலைத் தாண்டவில்லை. நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு கேள்வி கேட்க வேண்டும் என்று வைத்திருந்தேன். அதற்குள் அவர் அழுதுவிட்டார். பிறகு யாரைக் கேட்பது?

ஏப்ரல் 27, திங்கள்

வீட்டுக்கு வந்துவிட்டோம். பயிற்சி கொடுக்க வருகிற பெண் அவரை எழுப்பி நிறுத்தப் பார்க்கிறாள். "போதும்" என்கிறார். அவள் கெஞ்சினாலும் "போதும்", நான் திட்டினாலும் "போதும்". எனக்கும் போதும்தான். அடுப்படியில் போய்ச் சொல்லிக்கொண்டேன்.

மே 18, திங்கள்

கூடத்தில் பாயை எடுத்துவிட்டு டைல் ஒட்டுகிறார்கள். சிக்கனம் வீடு வீடாக ஏறி இறங்கி நன்கொடை கேட்டாராம். கடையில் செருப்பைக் கழற்றி, ஒவ்வொரு டைலையும் நனைத்து, ஏறி நின்று பார்த்தாராம்.

எடுத்த பாயைப் பின்பக்கம் குவித்திருந்தார்கள். ஒரு துண்டை நான் வீட்டுக்குக் கொண்டுவந்தேன்.

ஜூன் 1, திங்கள்

ஒன்றும் எழுதுவதற்கில்லை.

ஜூன் 14, ஞாயிறு

இன்று கூடத்தைத் திறந்தார்கள். தண்ணீர் கொட்டிக் காட்டினார்கள், பிள்ளைகள் அதிலேயே ஓடினார்கள், ஒருவரும் வழுக்கவில்லை. நான் தூண் வரைக்கும் நடந்து பார்த்தேன். பிறகு மேடை வரைக்கும். நல்ல தரை.

வீட்டுக்கு வந்து சொன்னேன். சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தவர், "மேட்டா?" என்றார்.

"ஆமாங்க."

"எந்த மேட்?"

பாதி வாய் சிரித்தது. நானும் சிரித்துவிட்டேன். எத்தனை நாளாயிற்று. அந்தத் தைரியத்தில், "நாளைக்கு வந்து பாக்குறீங்களா? தூணு வரைக்கும் வேண்டாம், சும்மா நின்னா போதும்" என்றேன்.

"போதும்" என்று மறுபடி சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

அந்தப் பாய்த் துண்டைக் கட்டிலைச் சுற்றி விரித்திருக்கிறேன். மூத்திரம் சிந்தினால் துடைக்க வசதி. பல வருடம் உழைக்கும் என்று கடையில் சொன்னார்களாம். உழைக்கும். அதன் மேல்தான் யாரும் நடப்பதில்லையே.