மினுங்கக் கூடாத கறுப்பு

ஷார்ஜா, 12.6.2004

அன்பு இவாஞ்சலின்,

ஆண்டவர் கிருபையில் என் உடம்புக்கு ஒன்றுமில்லை. நீயும் பாப்பா அக்சாவும் சுகம்தானே? மனசுதான் கொதிக்கிறது, உன் தம்பி ரெனால்டால்.

இங்கே எங்கள் பட்டறையில் கார் பானெட்டில் பளபளப்பில்லாத மேட் பிளாக் வினைல் தாள் ஒட்டுகிறார்கள். சோப்புத் தண்ணீரில் மெதுவாகக் கழுவி நிழலில் நிறுத்த வேண்டும், மெழுகு ஆகவே ஆகாது என்று அவன் வேலைக்கு வந்த முதல் நாளே சொன்னேன். ஆம்பூர் தோல் கம்பெனியில் முகம் தெரியத் தேய்த்துப் பழகியவன் கேட்பானா? அரபிக்காரர் காருக்கு மெழுகு போட்டு ஷூ மாதிரி மின்ன வைத்துவிட்டான்.

"இன்னாடா பண்ணி வச்சிருக்க?" என்றேன்.

"மங்கிப் போயிருந்துச்சு மாமா, சரி பண்ணிட்டேன்" என்று சிரிக்கிறான். உன் தம்பி என்பதால் கை ஓங்கவில்லை.

வசவெல்லாம் எனக்கு. மெழுகை எடுக்கவும் நானேதான் உட்கார்ந்தேன். நீ ஊசி போடுமுன் தடவும் அதே ஸ்பிரிட்டைத் தண்ணீரில் கலந்து துடைத்தேன். டியூட்டி முடிந்து வரும் உன் கையின் வாசனை. கோபம் இன்னும் ஜாஸ்தியானது.

அவனைக் கண்டித்து நீயே எழுது. நான் அவனோடு பேசுவதில்லை.

இங்குள்ள துணி வினைலைக் கீறுகிறது. உன் பழைய நூல் புடவை இரண்டு கொடுத்தனுப்பு. ஒன்றைத் துவைக்க வேண்டாம்.

கம்பெனி வண்டி வந்துவிட்டது.

எபனேசர்