வலக் கன்னத்து மச்சம்

பஸ்ஸேவுக்கு உன் தாஹிர் எழுதுவது. இருமல் நின்றதா? எனக்குத் தோள்வலி மட்டும்தான்.

பத்தாவியா படக்கொட்டகையில், படம் பின்பக்கமும் தெரிய வேண்டுமென்று திரையை நனைத்துக்கொண்டே இருக்கிறேன். திரைக்குப் பின்னாலிருக்கும் மலிவு இருக்கைகளுக்கு எல்லாம் இடவலம் மாறித்தான் தெரியும்; நான் நிற்பதும் அந்தப் பக்கம்தான். நேற்று நம் மக்காசார் துறைமுகத்தைக் காட்டினார்கள். நான் கப்பலேறிய நாள்! கூட்டம் கலைந்த பிறகும் ஒருத்தி நின்றிருந்தாள். வலக் கன்னத்தில் மச்சம். அப்படியென்றால் நிஜத்தில் அது இடக் கன்னம், உனக்கு இருப்பதுபோலவே. வாளியோடு நின்றுவிட்டேன்.

"யோவ் தண்ணிக்காரா, மறைக்காதய்யா!" என்று கத்தினார்கள்.

"நான் உடனே வீட்டுக்குப் போயிடுவேன், திரும்பிப் பாக்காதீங்க" என்றாயே, பஸ்ஸே. நானும் பார்க்கவில்லை.

தோளுக்குக் கிராம்புத் தைலம் அனுப்பு. மணி அடித்துவிட்டது. சனிக்கிழமை படத்தை மாற்றிவிடுவார்கள். அதுவரை தினமும் திரும்பிப் பார்த்துக்கொள்கிறேன்.