தட்டுக்கு வராத முட்டை

போட்டோவுக்குள் போன பிறகும் வாயே திறக்காத என் வீட்டுக்காரருக்கு,

சௌக்கியமா இருக்கீங்களா? நான் சௌக்கியமில்லை. செருப்பு கடித்த புண், காலில் ஆறவே மாட்டேன் என்றது. சர்க்கரை உடம்பாச்சே. "இப்படியே போனா கட்டை விரலை எடுக்கிற மாதிரி ஆயிடும்மா" என்று புத்தூர் ஆஸ்பத்திரி டாக்டர் சொல்லிவிட்டார்.

அங்கே என்ன சாப்பிடணும் என்று சொல்வதற்கே ஒரு பெண் இருக்கிறாள். "பாட்டி, புண்ணு மூட புதுச் சதை வளரணும். அதுக்குப் புரதம் வேணும். பருப்பு சாப்பிடுறீங்களா?" என்றாள்.

"தினம் ரசம் ஊத்திக்கிறேனே. பருப்பில்லாமலா ரசம்?"

"தெளிவை மட்டும் ஊத்திக்கிட்டா எப்படி? பருப்பு அடியிலதானே கிடக்கும்!"

அடியில் கிடப்பது யார் தட்டுக்குப் போகும் என்று அந்தப் பெண்ணுக்கு யார் சொல்வது? கடைசியில், தினம் ஒரு முட்டை சாப்பிடச் சொல்லிவிட்டாள்.

நீங்கள் மறந்திருப்பீர்கள், நான் மறக்கவில்லை. கல்யாணமான புதுசு. உங்கள் அம்மா அவித்த முட்டையை நூலால் அறுத்து ஆம்பிளைகளுக்கு மட்டும் வைத்தார். எனக்கு வெறும் குழம்பு. கோடு போட்ட சட்டையோடு உட்கார்ந்திருந்த நீங்கள் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. நீங்களாக ஒரு முட்டையை என் பக்கம் தள்ளுகிறவரை அதைத் தொடுவதில்லை என்று அன்றைக்கே முடிவு செய்தேன்.

பல வருஷம் கழித்து, "உனக்கு முட்டை பிடிக்காதா?" என்று கேட்டீர்கள். "பிடிக்காது" என்றேன். நம்பிவிட்டீர்கள்! பொன்மலை ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் சத்தத்தை வைத்தே இன்ஜின் கோளாறைச் சொல்கிற மனுஷன். பெண்டாட்டி சத்தம் மட்டும் பிடிபடாதா?

மருமகள் செல்வி சும்மா இருப்பாளா? எனக்குத் தெரியாமல் அடை மாவில் முட்டையை அடித்து ஊற்றினாள். அடை என்றைக்காவது பஞ்சு மாதிரி உப்பி வருமா? ஒதுக்கிவிட்டேன். அடுத்து, டப்பாவில் வருகிற புரதப் பவுடரைக் கொதிக்கிற ரசத்தில் கொட்டினாள். கட்டி கட்டியாகத் திரண்டு மிதந்தது.

"ஏண்டி, பாலுதான் திரியும். ரசம் எங்கேயாவது திரியுமா?"

"உங்க விரலுக்காகத்தானே அத்தை!" கரண்டியைப் போட்டுவிட்டு அழுதாள்.

அழுகிறவளிடம் சொல்லாமல் இருக்க முடியுமா? நூல், குழம்பு, கோடு போட்ட சட்டை எல்லாம் சொன்னேன். அழுகை நின்றுவிட்டது. "மாமா எங்கேர்ந்து வந்து தள்ளுவாரு அத்தை?" என்று தலையில் கை வைத்துக்கொண்டாள்.

போன மாசம் உங்கள் திதி. நடக்க முடியாததால் காவிரிக்கரை அம்மா மண்டபத்துக்கு ஆட்டோவில் போய்வந்தோம். வீட்டில் செல்வி உங்கள் போட்டோ முன்னால் இலை போட்டு, சோற்றைக் குவித்து, உங்களுக்குப் பிடிக்குமே என்று மேலே உரித்த முட்டையை வைத்தாள். படைத்த இலையில் பெண்டாட்டி சாப்பிடுவதுதானே நம் வீட்டு வழக்கம்? பக்கத்திலேயே உட்கார்ந்தேன். சூடம் காட்டும்போது சோறு சரிந்தது. முட்டை உருண்டு இலையைத் தாண்டி, என் முழங்காலில் வந்து முட்டி நின்றது.

"பாத்தீங்களா! மாமா தள்ளிட்டாரு!"

"ஃபேன் காத்துடி."

"ஃபேன் காத்துல முட்டை உருளுமா அத்தை?"

உருளாது. யாரும் தொடவும் இல்லை. நான் கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டுதான் கும்பிட்டேன். சோற்றை என் பக்கமாகச் சரித்துக் குவித்தாளோ என்று ஒரு சந்தேகம் உண்டு. கேட்கவில்லை. எடுத்துச் சாப்பிட்டேன். உப்பு போதாது.

அன்றிலிருந்து தினம் ஒன்று. புண் ஓரம் மூட ஆரம்பித்துவிட்டது, விரலை எடுக்க வேண்டியிருக்காது என்கிறார் டாக்டர். ஆக, முட்டை விஷயத்தில் உங்களை விட்டுவிட்டேன். என் வளைகாப்புக்கு உங்கள் தங்கச்சி வராத விஷயம் அப்படியேதான் இருக்கிறது. அதைப் பத்து விரலோடும் நடந்து வந்து நேரில் கேட்பேன், இது சத்தியம். அவசரப்பட்டுக் கூப்பிட்டுவிடாதீர்கள், வரமாட்டேன்.

இப்படிக்கு,
ஸ்ரீரங்கத்தில் இன்னும் கோபமாகவே இருக்கும்
உங்கள் வீட்டுக்காரி